வானம் பார்க்கப் பழகுவோம்



இந்தப் பாடத்துக்குப் புத்தகம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், கருவியும் வேண்டாம். இரண்டு கண், ஒரு கொப்பி, ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். நாம் படிக்கப் போவது நம் லயத்து வாசலுக்கு மேலே தினமும் விரிந்து கிடக்கிற வானத்தை.

"வானத்தைப் பார்த்து என்னங்க ஆகப் போகுது? கொழுந்து நிறுவை கூடுமா, சம்பளம் கூடுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நிறுவையும் கூடாது, சம்பளமும் கூடாது. ஆனால் ஒன்று நடக்கும். "உலகம் அழியப் போகுது", "வானத்திலிருந்து கல் விழப் போகுது" என்று யாராவது வந்து சொல்லும்போது நம்மைப் பயங்காட்ட முடியாது. கிரகணத்தன்று நம் பிள்ளையின் கண் கெடாது. பிள்ளைத்தாய்ச்சி பட்டினி கிடக்க மாட்டாள். இவை சின்ன விஷயங்கள் இல்லை. அதனால்தான் இதைப் பாடமாக எழுதுகிறோம்.

1. இருட்டும் ஒரு சொத்து

கொழும்பில் இருப்பவர்களுக்குப் பல வசதிகள் உண்டு. ஆனால் நல்ல இருட்டு இல்லை. தெருவிளக்கும் கடை விளக்கும் சேர்ந்து அங்கே பெரிய நட்சத்திரங்களை மட்டும்தான் விட்டுவைக்கின்றன. மலையகத்தில் மேகம் இல்லாத அமாவாசை இரவில், வெள்ளைப் புகை படர்ந்தது போல வானத்தின் குறுக்கே ஒரு பட்டை தெரியும். அதுதான் பால்வெளி. தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் வெளிச்சம் அது.

நட்சத்திரம் பார்க்க அமாவாசையை ஒட்டிய இரவுகள் நல்லது. போயா இரவில் நிலா வெளிச்சம் மற்றதை எல்லாம் மறைத்துவிடும். மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை மலையகத்தில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜூன், ஜூலையில் மழையும் மூடுபனியுமாக இருக்கும்போது, பதுளை, பண்டாரவளை பக்கத்தில் வானம் வெளுத்திருக்கும். அவரவர் இடத்துக்குத் தகுந்தபடி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியே வந்ததும் ஒன்றும் தெரியவில்லை என்று உள்ளே போய்விடாதீர்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது வேண்டும். டோர்ச் தேவையென்றால் அதன் முகப்பில் சிவப்புக் கடதாசி கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவு கெடுக்காது. வாசலிலேயே பாருங்கள். வானம் பார்க்கப் போகிறோம் என்று தேயிலை மலைக்குள் இருட்டில் இறங்க வேண்டாம். சிறுத்தையும் பாம்பும் உள்ள இடம் நம்முடையது. பிள்ளைகள் பெரியவர்களோடுதான் வெளியே நிற்க வேண்டும். குளிருக்கு ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டால் ஒரு மணி நேரம் சுகமாக நிற்கலாம்.

2. கையே அளவுகோல்

கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்குங்கள். வானத்தில் அந்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. முழுநிலா அரைப் பாகைதான். நீட்டிய சுண்டுவிரல் நிலாவை முழுவதும் மறைத்துவிடும். நம்பிக்கை இல்லாவிட்டால் அடுத்த போயாவுக்கு மறைத்துப் பாருங்க.

பூமி தன்னைத்தானே சுற்றுவதால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே போவது போலத் தெரிகிறது. ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, அதாவது ஒன்றரை முஷ்டி. ஒரு நட்சத்திரத்தை லயத்துக் கூரையின் விளிம்புக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு, சோறு சாப்பிட்டு வந்து அதே இடத்தில் நின்று பார்த்தால் அது நகர்ந்திருப்பது தெரியும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் 4 நிமிடம் முந்தி உதிக்கும். மாதத்துக்கு 2 மணி நேரம். பன்னிரண்டு மாதத்தில் 24 மணி நேரம் ஆகி, வட்டம் முடிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். நட்சத்திரத்தைப் பார்த்தே மாதம் சொன்ன பெரியவர்களின் ரகசியம் இந்த நாலு நிமிடம்தான்.

3. முதலில் பழக வேண்டிய முகங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். பெப்ரவரி நடுப்பகுதியில் இரவு 8 மணிக்கு நிமிர்ந்து பாருங்கள். நூல் பிடித்தது போல மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் இருக்கும். அவற்றுக்கு வடக்கே கொஞ்சம் சிவந்த பெரிய நட்சத்திரம் ஒன்று தெரியும். அதுதான் திருவாதிரை. நம் வீட்டில் யாராவது திருவாதிரை நட்சத்திரக்காரர் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்க. பேரை மட்டும் தெரிந்தவர்கள் பொருளையும் பார்க்கட்டும்.

நமக்கு இதில் ஒரு யோகம் உண்டு. நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் திருவாதிரை கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு நேராகவே கடந்து போகிறது. ஐரோப்பாக்காரருக்கு அது தெற்கே சாய்ந்துதான் தெரியும்.

மூன்று நட்சத்திர வரிசைக்கு வடமேற்கில், ரோகிணியையும் தாண்டி, சின்னக் கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதில் எத்தனை எண்ண முடிகிறது என்று பாருங்கள். ஆறு எண்ணினால் நல்ல கண். மே மாத நடுவில், மழை விட்ட இரவில், 9 மணிக்குத் தெற்கே பார்த்தால் நான்கு நட்சத்திரங்கள் சிலுவை போல நிற்கும். அது தென்சிலுவை. இங்கிலாந்தில் இருப்பவர்கள் தங்கள் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. துருவ நட்சத்திரமோ நமக்கு வடக்கே 7 பாகை உயரத்தில்தான், ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில்தான் இருக்கும். வடக்கே மலை இருந்தால் அது தெரியாது.

மினுக்காமல் நின்று எரிகிற பெரிய வெளிச்சம் பெரும்பாலும் கோளாக இருக்கும். பெரட்டுக்குப் புறப்படும் முன் கிழக்கே தெரிகிற விடிவெள்ளி நட்சத்திரம் இல்லை, வெள்ளிக் கோள். ஏறத்தாழ எட்டு ஒன்பது மாதம் விடியற்காலையில் தெரியும். பிறகு சூரியனுக்குப் பின்னால் மறைந்து, கொஞ்ச நாள் கழித்து அந்தியில் மேற்கே வரும். விடிவெள்ளியும் அந்தி வெள்ளியும் ஒன்றேதான்.

4. ஓடுகிற வெளிச்சங்கள்

விளக்கு மின்னிக்கொண்டு போனால் அது விமானம். மின்னாமல், சத்தமில்லாமல், ஒரே வேகத்தில் நகர்ந்தால் அது செய்மதி. அந்தி மறைந்த பிறகோ விடியும் முன்போ தெரிகிற மிகப் பிரகாசமான செய்மதி சர்வதேச விண்வெளி நிலையம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அதில் மனிதர்கள் மாறி மாறி வசித்து வருகிறார்கள். போய்க்கொண்டிருக்கும்போதே நடு வானத்தில் மங்கி மறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அது பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது, அவ்வளவுதான்.

சில ஆண்டுகளாக இன்னொரு காட்சியும் தெரிகிறது. முத்துமாலை கோத்தது போல வரிசையாக வெளிச்சங்கள் போகும். அது இணைய வசதிக்காக ஒரே ரொக்கெட்டில் ஏற்றி விட்ட ஸ்டார்லிங்க் செய்மதிகள். பேய்த் தேருமில்லை, வேற்றுலகத்தார் ஊர்வலமுமில்லை.

அசையாமல் நிற்கிற செய்மதிகளும் உண்டு. நம் கூரையில் உள்ள டிஷ் அன்டனா ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கிறதே, ஏன்? அந்தத் தொலைக்காட்சிச் செய்மதி ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுற்றுகிற அதே வேகத்தில் சேர்ந்து சுற்றுகிறது. அதனால் நமக்கு அது ஒரே இடத்தில் நிற்கிறது. இப்படிச் செய்மதிகளை வைத்து உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். அவர் பெயரிலுள்ள நிறுவனம் மொறட்டுவை, கட்டுபெத்தையில் இருக்கிறது.

ஒரு நொடியில் கோடு கிழித்து மறைவது எரிநட்சத்திரம். "அப்பாயி, நட்சத்திரம் விழுந்திருச்சு!" என்று பிள்ளை கத்தினால், "அதைப் பாக்காத கண்ணு, பச்சையைப் பாரு" என்று அப்பாயி சொல்லுவாங்க. நம்ம தோட்டத்தில் பச்சைக்கா பஞ்சம்! ஆனால் விழுந்தது நட்சத்திரம் இல்லை. மணல் பருக்கை அளவுள்ள தூசி காற்றில் உரசி எரிகிற வெளிச்சம்தான் பெரும்பாலும் நாம் பார்ப்பது. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 13, 14 இரவுகளில் இவை அதிகமாகத் தெரியும். மழை விட்டிருந்தால் நடுச்சாமத்துக்குப் பிறகு பாருங்கள்.

5. பார்த்தவர்கள் யார்?

வானத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறவர்கள் எல்லாரும் பெரிய படிப்புப் படித்தவர்கள் என்று நினைக்கிறோம். அப்படி இல்லை.

அமெரிக்காவின் அரிசோனாவில் தோமஸ் பொப் என்பவர் கட்டடப் பொருள் கம்பனி ஒன்றில் வேலை செய்தார். அவரிடம் சொந்தமாகத் தொலைநோக்கிகூட இல்லை. 1995 ஜூலை 22 இரவு நண்பர்களோடு போய், ஒரு நண்பரின் தொலைநோக்கியில் பார்த்தார். வழக்கமாக ஒன்றும் இல்லாத இடத்தில் மங்கலாக ஒரு வெளிச்சம் இருந்தது. அதே இரவில் வேறிடத்தில் அலன் ஹேல் என்பவரும் அதைக் கண்டார். அதுதான் ஹேல் பொப் வால்வெள்ளி. 1997இல் உலகமே அதை வெறும் கண்ணால் பார்த்தது. நம்மில் வயதானவர்களுக்கு அந்த மாலை வானம் நினைவிருக்கலாம்.

இன்னொருவர் ஒஸ்கார் துஹால்டே. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், மலைமேல் உள்ள வானாய்வு நிலையத்தில் தொலைநோக்கியை இயக்குகிற வேலை. 1987 பெப்ரவரி 24 இரவு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். தெற்கு வானத்தில் அவருக்கு நன்றாகப் பழக்கமான ஒரு வெண்மேகம் போன்ற நட்சத்திரக் கூட்டத்தில், இருக்கக் கூடாத இடத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது. ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சிதறிய வெளிச்சம் அது. அதே நிலையத்தில் இயன் ஷெல்டன் என்பவர் படம் பிடித்துக் கண்டதும் அதையேதான். பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வெறும் கண்ணுக்குத் தெரிந்த முதல் நட்சத்திர வெடிப்பு அது.

இவர்களால் எப்படிக் காண முடிந்தது? பழைய முகங்கள் எல்லாம் பழகியிருந்ததால் புதிய முகம் உடனே கண்ணில் பட்டது. இந்த வித்தை நமக்குப் புதிதா? தன் நிரையை வருஷக்கணக்காகப் பார்த்த பெண்ணுக்கு, ஒரு செடியில் கொப்புள நோய் விழுந்தால் யாரும் காட்டாமலே தெரிந்துவிடுகிறது அல்லவா? அதே கண்தான் வானத்துக்கும் வேண்டும்.

நாம் மேலே படித்த திருவாதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கியது. 2020 பெப்ரவரியில் வழக்கமான வெளிச்சத்தில் பாதிக்கும் குறைந்துபோனது. பழகிய கண்ணுக்குக் கருவி இல்லாமலே அது தெரிந்தது. சில வாரங்களில் பழையபடி வந்துவிட்டது. நட்சத்திரம் வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி, வெளிச்சத்தை மறைத்ததே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். உலகம் முழுவதும் சாதாரண மக்கள் தங்கள் கொப்பியில் எழுதி அனுப்பிய குறிப்புகளும் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன.

6. கிரகணம்: கண்ணைக் காப்போம், வயிற்றைக் காயவிட வேண்டாம்

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வந்தால் சூரிய கிரகணம். அது அமாவாசையில்தான் வரும். பூமியின் நிழல் நிலாமேல் விழுந்தால் சந்திர கிரகணம். அது போயாவில்தான் வரும். நாள், மணி, நிமிடம் எல்லாம் பல வருஷத்துக்கு முன்பே கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பாம்பு விழுங்குவதாக இருந்தால் இப்படி நேரம் சொல்லி வைத்து விழுங்குமா?

இலங்கையில் 1955 ஜூன் 20 காலை முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. 2019 டிசம்பர் 26 அன்று வடக்கே சூரியன் வளையமாகத் தெரிந்தது. மலையகத்தில் ஒரு பகுதி மறைந்தது.

இதைக் கவனமாகப் படியுங்கள்: சூரியனை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படம், புகை பிடித்த கண்ணாடி, மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீர் எதுவும் காப்பாற்றாது. பைனாகுலர் வழியாகப் பார்த்தால் கண் உடனே கெடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் கண் வெந்துகொண்டிருக்கும்போதே பிள்ளை சிரித்துக்கொண்டு பார்த்திருக்கும். நடந்தது பிறகுதான் தெரியும். சூரிய கிரகணத்துக்கென்றே தரச்சான்றோடு வருகிற கண்ணாடி வேறு. சாதாரண கூலிங் கிளாஸ் வேறு.

காசில்லாத நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஒரு அட்டையில் குண்டூசியால் ஒரு துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அந்தத் துளை வழியாக வருகிற வெளிச்சத்தை வெள்ளைத் தாளில் விழ வையுங்கள். கடிபட்ட ரொட்டி போலச் சின்னச் சூரியன் தாளில் தெரியும். துளை வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. தாளைத்தான் பார்க்க வேண்டும். நிழல் மரத்துக்குக் கீழே தரையைப் பார்த்தால், இலை இடுக்குகள் வழியாக நூற்றுக்கணக்கான பிறைகள் விழுந்து கிடப்பதையும் காணலாம்.

பிள்ளைத்தாய்ச்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கோயில் நடை சாத்துவதையோ, சாமி கும்பிடுவதையோ நாம் குறை சொல்லவில்லை. ஆனால் கிரகணத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு உதடு பிளக்கும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கர்ப்பிணியை மணிக்கணக்காகச் சோறு தண்ணி இல்லாமல் அடைத்து வைப்பதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் கூடாது. "வெளிய வர விருப்பமில்லையா, உள்ளயே இரு தாயி. ஆனா நேரத்துக்குச் சாப்பிடு" என்று மாமியார்மார் சொல்ல வேண்டும்.

சந்திர கிரகணத்தை யாரும் வெறும் கண்ணால் பார்க்கலாம். ஒரு கெடுதியும் இல்லை. 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம் வருகிறது. நம் நேரப்படி எட்டரைக்குப் பிறகு நிலா மறையத் தொடங்கும். ஏறத்தாழ 9.45 முதல் 11 மணி வரை செம்பு நிறமாக இருக்கும். பூமியைச் சுற்றியுள்ள காற்று சிவப்பு வெளிச்சத்தை மட்டும் வளைத்து நிலாவுக்கு அனுப்புவதால் அந்த நிறம். புதுவருஷம் பிறக்கிற நேரத்துக்கு நிலாவும் நிழலை விட்டு வெளியே வந்துவிடும். எப்படியும் விழித்திருக்கிற இரவு; குடும்பத்தோடு பாருங்கள்.

7. வதந்தி வந்தால் மூன்று கேள்வி

2003 ஓகஸ்ட் 27 அன்று செவ்வாய்க் கோள் ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் இல்லாத அளவு பூமிக்குக் கிட்ட வந்தது. அப்போதும் அது ஒரு பெரிய நட்சத்திரம் போலத்தான் தெரிந்தது. ஆனால் "செவ்வாய் நிலா அளவு தெரியும்" என்று ஒரு கதை கிளம்பி, பிறகும் பல ஓகஸ்ட் மாதங்களில் சுற்றி வந்தது. 2012 டிசம்பர் 21இல் உலகம் அழியும் என்றார்கள். மறுநாள் வழக்கம் போல விடிந்தது.

உண்மைச் செய்தி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2015 ஒக்டோபரில், ஒன்றிரண்டு மீற்றர் அளவுள்ள ஒரு பொருள் இலங்கையை நோக்கி வருவதை வானாய்வாளர்கள் கண்டார்கள். பழைய ரொக்கெட் பாகம் என்று கருதப்பட்டது. நவம்பர் 13 பகல் 11.48 மணியளவில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால், கடலுக்கு மேலே எரியும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் எரிந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் கேளுங்கள்: சொன்னது யார்? எந்த நாள், எத்தனை மணி, எந்தத் திசை? நம் கண்ணால் சரிபார்க்க முடியுமா? வதந்திக்கு இந்த மூன்றில் ஒன்றுக்காவது பதில் இருக்காது.

இந்தக் கேள்விகள் சீக்கிரமே தேவைப்படும். 2029 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி அபோபிஸ் என்ற விண்கல் பூமிக்குப் பக்கத்தால் போகப் போகிறது. ஏறத்தாழ 350 மீற்றர் அகலம். நம் நேரப்படி ஏப்ரல் 14 அதிகாலை 3.16 மணியளவில் மிகக் கிட்ட வரும். அப்போது பூமியின் தரையிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீற்றர். நம் டிஷ் செய்மதியைவிடக் கிட்ட. 2004இல் கண்டுபிடித்த புதிதில் மோதலாம் என்ற சந்தேகம் இருந்தது உண்மை. பிறகு பலரும் தொடர்ந்து அளந்து பார்த்ததில் அது நீங்கிவிட்டது. இன்னும் நூறு ஆண்டுக்காவது அது மோதாது என்று 2021இல் நாசா அறிவித்தது. ஐரோப்பா, ஆபிரிக்கா, ஆசியாவின் சில பகுதிகளில் வெறும் கண்ணுக்கே நகர்கிற புள்ளியாகத் தெரியும் என்கிறார்கள். அந்த வருஷம் எத்தனை பயங்காட்டும் கதைகள் வரப்போகின்றன பாருங்கள்! அதை நம்பிக் கடன் வாங்கிப் பரிகாரம் செய்ய வேண்டாம்.

8. இந்த மாதம் செய்ய வேண்டியவை

ஒரு கொப்பியில் ஐந்து கோடு போட்டு, திகதி, நேரம், திசை, பார்த்தது, மேகம் இருந்ததா என்று எழுதுங்கள். பார்க்காததை எழுத வேண்டாம். மேகம் என்றால் "மேகம்" என்று எழுதுங்கள், அதுவும் குறிப்புத்தான்.

அ. ஏழு நாள் ஒரே நேரத்தில் நிலா எங்கே இருக்கிறது என்று படம் வரையுங்கள். தினமும் எத்தனை முஷ்டி கிழக்கே தள்ளிப் போகிறது?

ஆ. விடிவெள்ளி இப்போது காலையிலா, மாலையிலா?

இ. ஒரு அந்தியில் அரை மணி நேரம் நின்று எத்தனை செய்மதி போகிறது என்று எண்ணுங்கள்.

ஈ. வீட்டுப் பெரியவர்களிடம் நட்சத்திரங்களுக்கு அவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அவை மறைந்துபோக விடக் கூடாது.

வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பார்த்துச் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். ஸ்மார்ட் போன் உள்ள வீட்டில் ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியை இறக்கினால் எந்த நட்சத்திரம் எங்கே என்று சரிபார்க்கலாம். முதலில் கண்ணால் பார்த்து எழுதிவிட்டுப் பிறகு போனைப் பாருங்கள்.

2023 ஓகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவப் பக்கத்தில் இந்தியாவின் சந்திரயான் 3 இறங்கியது. அந்தத் திட்டத்துக்குப் பணிப்பாளராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்தில் பிறந்தவர். ரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகன். நம் லயத்துப் பிள்ளைகளுக்கும் இதே நிலாதான் தெரிகிறது. கொப்பி நிறைந்ததும் பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.